நல்ல டவுன் கம்ஃபர்டர் பார்த்து வாங்குவது எப்படி: குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டொரண்டோவுக்கு வந்த முதல் வருடம் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தோம். தரை சில்லென்று இருக்கும். சன்னல் ஓரத்தில் கை வைத்தால் காற்று கசிவது தெரியும். நவம்பர் பாதியிலேயே ஊரிலிருந்து கொண்டுவந்த போர்வைகள் போதவில்லை. ஒரு கடையில் தள்ளுபடி போட்டிருந்தார்கள். பெரிய எழுத்தில் 'டவுன்' (வாத்தின் உடம்பை ஒட்டி வளரும் பஞ்சு போன்ற மெல்லிய இழை) என்று அச்சடித்த பை, உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு கம்ஃபர்டர், அதாவது உள்ளே அடைத்துத் தைத்த தடித்த போர்வை. வாங்கிவிட்டேன். இரண்டாவது வாரம் நடுராத்திரியில் முழங்கையில் ஏதோ குத்தியது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், துணியைத் துளைத்துக்கொண்டு ஓர் இறகின் காம்பு, ஈர்க்குச்சி நுனி மாதிரி விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தேன். இரண்டு அங்குல நீள இறகு முழுசாக வெளியே வந்தது. ஓரத்தில் தைத்திருந்த சின்னச் சீட்டை அப்போதுதான் படித்தேன். பெரும்பங்கு இறகு, டவுன் கொஞ்சம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு மூன்று வாங்கியிருக்கிறோம். புதிதாக வந்த நண்பர்கள் பலருடன் கடைக்கும் போயிருக்கிறேன். எல்லோரும் பார்ப்பது விலை, நூல் எண்ணிக்கை (ஒரு சதுர அங்குலத் துணியில் எத்தனை நூல்), 'கூஸ்' (பெரிய வாத்து வகை) என்ற சொல், இந்த மூன்றைத்தான். கதகதப்பைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: உள்ளே எத்தனை அவுன்ஸ் டவுன் இருக்கிறது, அந்த டவுன் எவ்வளவு உப்புகிறது, அதை எப்படித் தைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இவற்றைப் பார்க்கத் தெரிந்தால் நடுத்தர விலையிலேயே பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும் ஒன்றை வாங்கிவிடலாம்.

டவுன் என்பது இறகு அல்ல

வாத்தின் மேல் இறகுகளுக்கு அடியில், நெஞ்சுப் பக்கத்தில், மெத்தென்று ஒரு படலம் இருக்கும். அதுதான் டவுன். தமிழில் இதற்குத் தூவி என்று பழைய சொல்லே இருக்கிறது. சங்கப் பாட்டில் வாடைக் குளிர் அடிக்கும் இரவில் பாண்டிமாதேவியின் கட்டிலில் விரித்திருப்பது அன்னத்தின் தூவி அடைத்த அணைதான்.

இறகுக்கு நடுவில் காம்பு உண்டு, தட்டையாக இருக்கும். தூவிக்குக் காம்பு கிடையாது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்பும் மெல்லிய இழைகள். எருக்கம் விதை காற்றில் பறக்குமே, அதை உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய கம்ஃபர்டர் ஒன்றின் மூலை கிழிந்தபோது ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எடையே தெரியவில்லை. மூச்சு விட்டால் உருண்டது. விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் மூடிவைத்தால் அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாகிறது. திறந்தால் நசுங்கிய உருண்டை மெதுவாக, இழை இழையாக, மறுபடி விரிகிறது.

நம்மைச் சூடாக வைப்பது தூவி அல்ல, அந்த இழைகளுக்கு நடுவில் அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கிறதோ அவ்வளவு கதகதப்பு. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் ஃபிஞ்ச் பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டதற்கும் காரணம் இதுதான். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும், சூடும் போய்விடும். டவுனைப் பராமரிப்பதன் மொத்தக் கணக்கும் இதற்குள் அடக்கம்.

முதல் படி: அறை எவ்வளவு குளிர்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைப் படுக்கையறையில் வைத்து, விடியற்காலையில் எவ்வளவு காட்டுகிறது என்று மூன்று நாள் குறித்துவையுங்கள். வெளியே மைனஸ் 20 என்பது முக்கியமே இல்லை. டொரண்டோவில் வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் சூடு தர வேண்டும் என்பது நகராட்சி விதி. உயரமான அடுக்குமாடிகளில் பல சமயம் அதற்கு மேலேயே இருக்கும். அங்கே கடுங்குளிர் கம்ஃபர்டரைப் போர்த்திக்கொண்டால் இரண்டு மணிக்கு வியர்த்து எழுந்து உதறிவிட்டு, நான்கு மணிக்கு நடுங்கி மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

21, 22 டிகிரி அறைக்கு மெல்லியதோ 'ஆல் சீசன்' ரகமோ போதும். 18, 19 என்றால் ஆல் சீசன். 17க்குக் கீழே போகும் பேஸ்மென்ட், இரவில் ஹீட்டரைக் குறைத்துவிடும் வீடு என்றால்தான் 'விண்டர்' ரகம். வயதானவர்களுக்கு ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருந்த குளிர்காலத்தில் அவர்களுக்கு மட்டும் கனமான ரகம் தேவைப்பட்டது. அதே வீட்டில் எங்கள் மகன் அதைப் போர்த்தினால் ஐந்து நிமிடத்தில் காலால் தள்ளிவிடுவான்.

ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தொட்டிலில் டவுனோ வேறெதுவோ, எந்தக் கம்ஃபர்டரும் வேண்டாம். முகத்தை மூடி மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்கென்று உடம்போடு மாட்டிவிடும் தூக்கப் பைகள் இருக்கின்றன.

இரண்டாம் படி: தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள்

பையின் முன்பக்க எழுத்தை நம்ப வேண்டாம். கம்ஃபர்டரின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சீட்டு தைத்திருக்கும், அதைத் தேடுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் வெறுமனே 'டவுன்' என்று போட வேண்டுமானால் குறைந்தது 75 சதவீதம் டவுன் இருக்க வேண்டும். 'டவுன் அண்ட் ஃபெதர்', 'ஃபெதர் அண்ட் டவுன்' என்றெல்லாம் வந்தால் முதலில் வரும் சொல்தான் உள்ளே அதிகம். 'டவுன் ஆல்டர்னேட்டிவ்' என்றால் டவுன் துளியும் கிடையாது, பெரும்பாலும் பாலியெஸ்டர். நான் வாங்கி ஏமாந்ததைப் போன்ற பைகளில் 'ஃபெதர்' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வாங்குவதாக இருந்தால் 85, 90 சதவீதம் டவுன் உள்ளதாகப் பாருங்கள். நூற்றுக்கு நூறு என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. பிரித்தெடுக்கும்போது சின்ன இறகுகளும் உதிர்ந்த இழைகளும் கொஞ்சம் கலந்தே வரும்.

கூஸா, சாதாரண வாத்தான டக்கா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூஸ் பெரிய பறவை, அதனால் அதன் தூவியும் பொதுவாகப் பெரியது, நன்றாக உப்பும். டக் தூவியில் சில சமயம் ஈரமானால் லேசான வாடை வரும். ஆனால் வளர்ந்த வாத்தின் நல்ல டக் தூவி, இளம் கூஸின் மட்டமான தூவியைவிட மேல். கனடாவில் 'ஹட்டரைட்' என்று போட்டு விற்பது புல்வெளி மாகாணங்களில் கூட்டுப் பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் மக்கள் வளர்க்கும் கூஸிலிருந்து வருவது. அதற்கு இங்கே நல்ல பெயர் உண்டு, விலையும் உண்டு. வெள்ளையா சாம்பலா என்பது சூட்டைப் பொறுத்தவரை ஒன்றுதான். மெல்லிய வெள்ளைத் துணிக்குள் சாம்பல் நிறம் லேசாகத் தெரியும், அவ்வளவுதான். உறைக்குள் போகப்போகிற பொருளுக்கு நிறத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

எல்லாவற்றிலும் உயர்ந்தது ஐஸ்லாந்தின் ஐடர் தூவி. அந்த வாத்து தன் நெஞ்சிலிருந்தே தூவியைப் பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடும். அதைக் கையால் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோ சேர ஏறத்தாழ 60 கூடுகள் வேண்டும். பார்த்து வியக்கலாம். நம் பட்ஜெட்டில் வராது.

மூன்றாம் படி: இரண்டு எண்களைப் பெருக்குங்கள்

இந்த ஒரு படியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் எண் ஃபில் பவர். ஓர் அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்புகிறது என்பதுதான் அது. 500 என்றால் சுமார், 600 முதல் 700 வரை நல்லது, 750, 800 என்றால் மிக நல்லது. இரண்டாவது எண் ஃபில் வெயிட், அதாவது உள்ளே அடைத்திருக்கும் டவுனின் எடை. கடைக்காரர்கள் முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், இரண்டாவதைப் பல சமயம் போடவே மாட்டார்கள். இரண்டும் இல்லாமல் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 800 ஃபில் பவர் டவுனையே 15 அவுன்ஸ் மட்டும் போட்டால் அது கோடைக்காலப் போர்வை.

பெருக்கிப் பாருங்கள். 600 ஃபில் பவர், 40 அவுன்ஸ்: 24,000 கன அங்குலம். 800 ஃபில் பவர், 30 அவுன்ஸ்: அதுவும் 24,000. இரண்டும் பிடித்துவைக்கும் காற்று ஏறத்தாழ ஒன்றே, கதகதப்பும் ஒன்றே. இரண்டாவதில் உடம்பின் மேல் கிடக்கும் எடை மட்டும் 10 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக, குறைவு. அதோடு நல்ல தூவி சீக்கிரம் நொறுங்காது, உப்பல் பல வருடம் நிற்கும். கூடுதல் விலை அதற்குத்தான். பணம் கையைக் கடித்தால் 600, 650 ரகத்தில் கூடுதல் எடை உள்ளதை எடுங்கள், குளிரில் எந்தக் குறையும் வராது.

அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 24,000ஐ 90க்கு 90 அங்குல குவீன் கம்ஃபர்டரில் பரப்பினால் கணக்குப்படி 3 அங்குல உயரம் வரும். 106க்கு 90 கிங்கில் பரப்பினால் இரண்டரைதான். அதனால் குவீனில் 30 அவுன்ஸ் நன்றாக இருந்தது என்று கிங்கிலும் 30 அவுன்ஸ் வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். 700 ஃபில் பவர் அளவிலான டவுன் என்றால் குவீனுக்கு நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு: 15 முதல் 20 அவுன்ஸ் வரை கோடை, 25 முதல் 35 வரை ஆல் சீசன், 40ம் அதற்கு மேலும் கடுங்குளிர். எடை போடாத பெட்டி என்றால் கடையில் கேளுங்கள், இணையத்தில் என்றால் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இந்தப் பெருக்கல் தொல்லை இல்லை. அங்கே கதகதப்பை நேரடியாகச் சொல்ல டோக் என்று ஒரே எண். 1940களில் மான்செஸ்டரின் ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்ற துணி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 4.5 டோக் கோடைக்கு, 10.5 வசந்தத்துக்கும் இலையுதிர்காலத்துக்கும், 13.5 குளிர்காலத்துக்கு. 4.5ம் 9ம் தனித்தனியாக வந்து, குளிர் கூடினால் பட்டனால் ஒன்றாகப் பூட்டி 13.5 ஆக்கிக்கொள்ளும் ஜோடி கிடைக்கிறது. இட நெருக்கடி இல்லாத வீட்டுக்கு அதுதான் என் தேர்வாக இருக்கும். வட அமெரிக்கப் பெட்டிகளில் டோக் எண்ணைப் பார்ப்பதே அரிது. இருந்தால் எத்தனை பேருக்கு உதவியாக இருக்கும்.

நான்காம் படி: தையலைத் தடவிப் பாருங்கள்

டவுன் ஓரிடத்தில் நிற்காது. கட்டம் கட்டித் தைக்காவிட்டால் எல்லாம் காலடியில் போய்க் குவிந்துவிடும்.

மலிவான முறை, மேல் துணியையும் கீழ்த் துணியையும் நேராகச் சேர்த்துத் தைப்பது. தையல் ஓடும் கோட்டில் டவுனே இருக்காது, இரண்டு துணி மட்டும்தான். அந்தக் கோடு வழியே குளிர் இறங்கும். கோடைக்கால ரகத்துக்கு இது போதும். குளிர்காலத்துக்கு 'பேஃபிள் பாக்ஸ்' வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு அங்குல உயரத்தில் துணிச் சுவர் வைத்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னப் பெட்டி மாதிரி நிற்கும், தூவி முழுசாக உப்ப இடம் இருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். தையல் கோட்டின் மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் வைத்துக் கிள்ளுங்கள். இரண்டு துணியும் ஒட்டியே இருந்தால் நேர்த்தையல். மேல் துணியை மட்டும் தனியாகத் தூக்க முடிந்து, நடுவில் ஒரு பட்டை தட்டுப்பட்டால் பேஃபிள். அப்புறம் ஒரு கட்டத்தை உள்ளங்கையால் பக்கத்துக் கட்டத்தை நோக்கித் தள்ளிப் பாருங்கள். டவுன் லேசாக அங்கே போய்விட்டால் மூலையில் இடைவெளி அதிகம் என்று பொருள். நீளவாக்கில் வரிசை வரிசையாக மட்டும் தைத்தவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தூவி இரண்டு நுனிக்கும் ஓடிவிடும், வாரம் ஒருமுறை உதறிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: மேல் துணி

பருத்தித் துணி, நெருக்கமான நெசவு, நூல் எண்ணிக்கை 230 முதல் 400 வரை. அதற்கு மேல் தேவையில்லை. 600, 800 என்று போடுபவர்கள் பெரும்பாலும் முறுக்கிய இழைகளைத் தனித்தனியாக எண்ணிக் கணக்குக் காட்டுகிறார்கள். துணி கனத்தால் உள்ளே தூவியை அமுக்கும், உப்பல் குறையும். மொடமொடவென்று லேசாகச் சத்தம் போடுவது நெருக்கமான நெசவின் அடையாளம். உறை போட்டதும் அடங்கிவிடும். நான்கு மூலையிலும் உறையைக் கட்ட நாடா வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உறைக்குள் கம்ஃபர்டர் சுருண்டு ஒரு பக்கமாகக் கிடக்கும்.

ஆறாம் படி: கையும் மூக்கும்

கடையில் பிரித்து வைத்திருக்கும் மாதிரியில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். இரண்டு கையாலும் ஒரு கட்டத்தை மெதுவாகப் பிசையுங்கள். நறுக் நறுக்கென்று காம்பு தட்டுப்படுகிறதா? ஒன்றிரண்டு பரவாயில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் தட்டினால் வேண்டாம். உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். மெதுவாக எழுந்து பழைய உயரத்துக்கு வர வேண்டும். தட்டுங்கள். வெள்ளைப் பொடி பறந்தால் நொறுங்கிய தூவி. முகத்தில் வைத்து ஆழ்ந்து மூச்சிழுங்கள். துணிக்கடை வாசனை மட்டும் வந்தால் சரி. ஈரமான கோழிக்கூண்டு வாடை வந்தால் சரியாகக் கழுவவில்லை. பெட்டியில் அமுங்கி வந்ததில் முதல் நாள் இருக்கும் லேசான மணம் இரண்டு நாள் காற்றில் போட்டால் போய்விடும். அதற்குமேல் நின்றால் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் தருகிறார்கள் என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

தம்பதிகளுக்கு ஒன்று. ஒருவருக்குக் குளிரும், ஒருவருக்கு வியர்க்கும் என்றால் ஒரு கிங் கம்ஃபர்டரை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க இழுபறி வேண்டாம். ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு சிங்கிள் போர்த்திக்கொள்வதுதான் வழக்கம். நாங்கள் மாறி நான்கு வருடம் ஆகிறது. துவைப்பதும் சுலபமாகிவிட்டது.

பறவைகளைப் பற்றி

வணிக டவுனில் பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கும் வாத்துகளிலிருந்து வருவது. உலகில் அதிகம் தருவது சீனா. உயிரோடு இருக்கும்போதே பிடுங்கும் கொடுமை சில இடங்களில் நடந்திருக்கிறது. இதைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் 'ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்' முத்திரையைத் தேடலாம். 2014இல் வந்தது. உயிரோடு பிடுங்குவதையும் கட்டாயமாக இரை திணிப்பதையும் அது தடை செய்கிறது. நான் அந்த முத்திரை இல்லாமல் வாங்குவதில்லை. சைவக் குடும்பங்களில் பறவை சம்பந்தப்பட்டதே வேண்டாம் என்பார்கள். அது நியாயமான முடிவு. நல்ல மைக்ரோஃபைபர் பாலியெஸ்டர் கதகதப்பாகவே இருக்கும், சற்றுக் கனம், சில வருடத்தில் கட்டி தட்டும். கம்பளி அடைத்தது வியர்வையை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்கள் எதை வாங்குவதற்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு

பெட்டியிலிருந்து எடுத்ததும் தட்டையாக, வாடிய இலை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். நன்றாக உதறிக் கட்டிலில் ஒருநாள் விரித்து வைத்தால் எழுந்துவிடும். முதல் இரவிலிருந்தே உறை போட்டுவிடுங்கள். உறையை வாரம் ஒருமுறை துவைத்தால் கம்ஃபர்டரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். காலையில் எழுந்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். ராத்திரி முழுக்க உடம்பிலிருந்து போன ஈரம் உள்ளே இருக்கும். பின்னுக்குத் தள்ளி அரைமணி நேரம் திறந்துவிடுங்கள்.

துவைக்க வீட்டு மெஷின் பெரும்பாலும் போதாது. லாண்டரிக் கடையில் முன்பக்கம் திறக்கும் பெரிய மெஷினில், சீட்டில் போட்டிருக்கும் சூட்டில், சோப்பைக் கொஞ்சமாக விட்டு, இரண்டு முறை அலசுங்கள். சாஃப்ட்னர் கூடாது, இழைகளில் படிந்து உப்பலைக் கெடுக்கும். காயவைப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குறைந்த சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். டிரையருக்குள் சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று போட்டால் கட்டிகளை அடித்து உடைக்கும். அரைமணிக்கு ஒருமுறை எடுத்து ஒவ்வொரு கட்டமாக விரலால் உதிர்த்துவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், உள்ளே நிழலாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் இன்னும் ஈரம். அப்படியே விட்டால் பூஞ்சை வாடை பிடிக்கும், அதைப் போக்கவே முடியாது.

மே மாதம் எடுத்து வைக்கும்போது காற்றை உறிஞ்சித் தட்டையாக்கும் பிளாஸ்டிக் பை வேண்டாம். மாதக்கணக்கில் நசுங்கினால் இழைகள் உடையும். நாங்கள் அம்மா கற்றுக்கொடுத்தபடி, பழைய எட்டுமுழ வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறோம். மேலே வேறெதையும் அடுக்குவதில்லை. அக்டோபரில் முடிச்சை அவிழ்த்தால் கட்டிலில் விரிப்பதற்குள்ளேயே உப்பத் தொடங்கிவிடுகிறது.